ஆத்தா ரேடியோவில் திருச்சி வரவில்லை

குழு: வளவு வீடு

2023 மே 5, வெள்ளி

கோட்டையூர் அத்தை, காலை 7:10
ஆத்தாவிடம் இப்போதுதான் பேசினேன். நாலு நாளாக ரேடியோவில் திருச்சி நிலையம் வரவில்லையாம். ஒரே இரைச்சல். செய்தி கேட்காமல் காபியே இறங்கவில்லை என்கிறார்கள். பெரிய அண்ணே, கொஞ்சம் பாருங்களேன்.

பெரியப்பா, 7:24
நானும் முள்ளைத் திருகிப் பார்த்துவிட்டேன் தங்கச்சி. திருச்சி வருகிற மீடியம் வேவ் 936இல் வண்டு குடைகிற மாதிரி சத்தம். உள்ளே எங்கேயோ ஆள் பேசுவது லேசாகக் கேட்கிறது. மதுரையும் அப்படித்தான்.

அப்பச்சி (சொக்குவின் அப்பா), 7:31
செட்டு மேல் குற்றமில்லை அண்ணே. எல்லாவற்றையும் எஃப்எம்முக்கு மாற்றிக்கொண்டு வருகிறார்கள். போன வெள்ளிக்கிழமைகூட 84 மாவட்டங்களில் 91 எஃப்எம் டிரான்ஸ்மிட்டர்களைப் பிரதமர் ஒரே நாளில் தொடங்கி வைத்தாரே. மீடியம் வேவ் காலம் முடிந்தது. ஆத்தாவுக்கு ஒரு எஃப்எம் செட்டு வாங்கிக் கொடுத்துவிடுவோம்.

சிங்கப்பூர்ச் சித்தப்பா, 7:35
நான் வாங்கி அனுப்புகிறேன். இங்கே காரில் ஏறினால் ஒலி 96.8 எஃப்எம் நிலையம்தான். பக்கத்தில் உட்கார்ந்து பேசுகிற மாதிரி இருக்கும். இடி இடித்தாலும் கரகரப்பு கிடையாது.

அப்பச்சி, 7:38
எஃப்எம் நமக்கும் புதிதில்லை. நாட்டிலேயே முதல் எஃப்எம் சென்னையில்தான், 1977 ஜூலை 23. அப்புறம் செலவையும் பார்க்க வேண்டும். மீடியம் வேவ் டிரான்ஸ்மிட்டர் சாப்பிடுகிற கரண்டுக்கு யார் பில் கட்டுவது? கோபுரமே நூறு மீட்டர் வரைக்கும் போகும், அதற்கு ஒரு பெரிய திடல் வேண்டும்.

பெரியப்பா, 7:46
முகப்பில் இருக்கிற பழைய மர்பி ரேடியோவைக் கேட்டு முனீஸ்வரன் கோயில் தெருவிலிருந்து பழம்பொருள் கடைக்காரர் ஒருவர் நேற்று வந்தார். நல்ல விலைதான் சொன்னார். இனி அதில் ஒன்றும் வராது என்றால் கொடுத்துவிடலாமா என்று எனக்கே ஓடுகிறது. மனசு வரவில்லை.

சொக்கு, 8:02
பெரியப்பா, தயவுசெய்து கொடுக்க வேண்டாம். நாளைக்கு நான் வருகிறேன், அதுவரை பொறுங்கள்.
அப்பச்சி, எஃப்எம் வருவது நல்லதுதான். ஆனால் நீங்கள் சொன்ன 91ம் ஒவ்வொன்றும் 100 வாட்தான். ஒரு ஊரும் அதைச் சுற்றிக் கொஞ்ச தூரமும் கேட்கும், அவ்வளவுதான். திருச்சி மீடியம் வேவ் 100 கிலோவாட், அதாவது ஆயிரம் மடங்கு. அந்த அலை தரையை ஒட்டியே போகும், மேடு பள்ளத்தைப் பார்க்காது. எஃப்எம் அலைக்குக் கோபுரத்துக்கும் நமக்கும் நேர்ப் பார்வை வேண்டும். பள்ளத்தூரிலிருந்து திருச்சியும் மதுரையும் எண்பது, தொண்ணூறு கிலோமீட்டர். நாம் இரண்டுக்கும் நடுவில் மாட்டிக்கொண்டிருக்கிறோம்.

சிங்கப்பூர்ச் சித்தப்பா, 8:06
கொடைக்கானல் எஃப்எம் வருமே?

சொக்கு, 8:09
100.5தானே. மலை உயரத்தில் கோபுரம் இருப்பதால் நம் மொட்டைமாடியில் லேசாகக் கிடைக்கிறது சித்தப்பா. கீழே இரண்டாம் கட்டுக்குள் கொண்டுபோனால் போய்விடும். சுவரின் கனம் ஒரு பக்கம், முற்றத்துக்கு மேல் போட்ட இரும்புக் கம்பி வலை ஒரு பக்கம். அப்பத்தா இனி மாடி ஏறமுடியுமா?

பெரியப்பா, 8:31
கம்பி என்றதும் ஒன்று சொல்ல வேண்டும். 1958இல் ஐயா பினாங்கிலிருந்து வந்தபோது எடுத்துவந்த செட்டு அந்த மர்பி. அதற்கு ஏரியல் கம்பி வளவு முற்றத்துக்குக் குறுக்கே, இந்தத் தூணிலிருந்து அந்தத் தூணுக்குக் கட்டியிருந்தது. பீங்கான் குமிழ் இரண்டும் இன்னும் தூணிலேயே இருக்கின்றன. ராத்திரி சாப்பிட்டுவிட்டு எல்லாரும் பட்டாலைக் கூடத்தில் உட்கார்ந்தால் இலங்கை வானொலி. அறிவிப்பாளர் மயில்வாகனம் அவர்கள் பேச ஆரம்பித்தால் சமையல்கட்டிலிருந்து ஆட்கள் கையைத் துடைத்துக்கொண்டு வந்து நிற்பார்கள். பகலில் கேட்காத ஊரெல்லாம் ராத்திரி ஆனால் கேட்கும், அது எப்படி என்று அப்போது எங்களுக்குத் தெரியாது.
திருச்சியில் பண்ணை இல்ல ஒலிபரப்பு வரும். எனக்கு ஏழு வயது, 1966. ஆடுதுறை 27 என்று புது நெல் வந்ததை அதில்தான் திரும்பத் திரும்பச் சொன்னார்கள். தஞ்சாவூர்ப் பக்கம் அந்த நெல்லுக்குப் பேரே ரேடியோ நெல். நம் வயல் ஆட்கள் திண்ணையில் வந்து உட்கார்ந்து, எத்தனை நாளில் நடவு, என்ன உரம் என்று கேட்டுக்கொண்டு போவார்கள். எழுதப் படிக்கத் தெரியாதவர்கள்.

கோட்டையூர் அத்தை, 8:36
ஆமாம் அண்ணே. ஐயா ஒலியைக் கூட்டி வைப்பார்கள், தெருவுக்கே கேட்கும்.

சொக்கு, 8:40
ராத்திரி கேட்பதற்குக் காரணம் வானம்தான் பெரியப்பா. பகலில் வெயிலால் மேலே உண்டாகிற ஒரு அடுக்கு அந்த அலையை உறிஞ்சிவிடும். இருட்டினால் அது கலைந்துபோகும். அப்போது இன்னும் மேலே இருக்கிற அடுக்கில் பட்டு நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் தள்ளி வந்து விழும். எஃப்எம் அலை அங்கே பட்டுத் திரும்பாது, வெளியே போய்விடும்.

அப்பச்சி, 8:44
எல்லாம் சரி சொக்கு. பழைய கதை நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் 84 வயதில் ஆத்தாவுக்குத் தெளிவாகக் கேட்க வேண்டும், அதைத்தான் நான் பார்க்கிறேன்.

சொக்கு, 8:53
நானும் அதைத்தான் பார்க்கிறேன் அப்பச்சி. 2018 நவம்பரில் கஜா புயல் அடித்தது நினைவிருக்கிறதா? கரண்டு எத்தனை நாள் இல்லை, செல்போன் கோபுரம் ஒன்றும் வேலை செய்யவில்லை. நாம் சென்னையிலிருந்து விடாமல் போன் போட்டுக்கொண்டிருந்தோம். அப்பத்தா இரண்டு பேட்டரிக் கட்டையை வைத்துக்கொண்டு திருச்சி கேட்டு, புயல் எங்கே கரை கடந்தது, எந்த ரோடு திறந்திருக்கிறது என்று பக்கத்து வீடுகளுக்கெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார்கள். மின்கட்டணத்தை எழுதும்போது அதையும் பக்கத்தில் எழுத வேண்டும். எஃப்எம் கோபுரங்கள் இந்தப் பக்கம் எல்லாம் நிறைகிற வரைக்கும் மீடியம் வேவை நிறுத்தக் கூடாது என்பது என் எண்ணம்.

உமா ஆச்சி (டல்லாஸ்), 8:58
தம்பி சொல்வது சரி. இங்கேயும் இதே பேச்சுதான். மின்சாரக் கார்களில் ஏஎம் ரேடியோவை, நம் மீடியம் வேவ்தான், சில கம்பெனிகள் எடுத்துவிட்டன. மோட்டார் போடும் இரைச்சல் ஏஎம்மில் வந்து கலக்கிறதாம். பேரிடர்த் துறையின் முன்னாள் தலைவர்கள் சேர்ந்து, ஆபத்துக் காலத்துக்கு ஏஎம் வேண்டும், எடுக்காதீர்கள் என்று அரசுக்குக் கடிதம் எழுதினார்கள்.

சொக்கு, 9:01
ஆச்சி! மோட்டார் இரைச்சல் என்றீர்களே.
பெரியப்பா, வண்டு குடைகிற மாதிரி சத்தம் என்றீர்களே, அது ஒரே சீராக வருகிறதா? இந்த வாரம் வீட்டில் புதிதாக எதையாவது மாட்டினீர்களா?

பெரியப்பா, 9:05
சீராகத்தான் வருகிறது. திங்கட்கிழமை எலக்ட்ரீஷியன் வந்து பட்டாலையில் எட்டு எல்இடி பல்பு போட்டார். இருட்டாக இருக்கிறது என்று நான்தான் சொன்னேன்.

சொக்கு, 9:06
மெயின் சுவிட்சை அணைத்துவிட்டு டிரான்சிஸ்டரைப் போட்டுப் பாருங்கள். அது கட்டையில் ஓடுகிறதுதானே.

பெரியப்பா, 9:19
திருச்சி வந்துவிட்டது!! பழையபடி.
மெயினைப் போட்டு ஒவ்வொரு பல்பாகப் பார்த்தேன். ஏழு பல்பும் ஒன்றும் செய்யவில்லை. ஆத்தா கட்டிலுக்கு மேலே இருக்கிற ஒரே பல்புதான். அதைப் போட்டால் இரைச்சல், அணைத்தால் திருச்சி.

சொக்கு, 9:22
பல்புக்குள் இருக்கிற சின்னச் சர்க்யூட் சரியில்லை. ஏஎம்மில் பேச்சை அலையின் உயரத்தில் ஏற்றி அனுப்புகிறார்கள், இந்த மாதிரி இரைச்சலும் உயரத்தில்தான் வந்து சேரும், அதனால் பிரிக்க முடியாது. எஃப்எம்மில் அலையின் வேகத் துடிப்பில் ஏற்றுவதால் தப்பிக்கிறது. ஊரெல்லாம் நிலையங்கள் எஃப்எம்முக்குப் போவதற்கு இந்த இரைச்சலும் ஒரு பெரிய காரணம். நாளைக்கு வேறு பல்பு கொண்டுவருகிறேன்.

பெரியப்பா, 9:34
ஆத்தா சொல்வதை அப்படியே எழுதுகிறேன்: "செட்டை வடக்குப் பார்த்து வைக்கச் சொல். கூட்டுகிறவள் திருப்பி வைத்துவிடுகிறாள். வடக்கே பார்த்தால் திருச்சி, மதுரை வேண்டுமென்றால் நான் பக்கவாட்டில் திருப்பிக்கொள்வேன்."

சொக்கு, 9:37
அப்பத்தா சொல்வது நூற்றுக்கு நூறு சரி. உள்ளே ஒரு கறுப்புக் கம்பி இருக்கிறது, செட்டின் நீளத்துக்குப் படுத்திருக்கும். அதன் அகலப் பக்கம் நிலையத்தைப் பார்த்தால்தான் நன்றாக வாங்கும். இத்தனை வருடமாக யாரும் சொல்லாமலே கண்டுபிடித்து வைத்திருக்கிறார்கள்.

பெரியப்பா, 9:41
திருச்சி நிலையம் 1939 மே 16. ஆத்தாவும் அதே வருடம் பிறந்தவர்கள். 2017இல் சிற்றலையில் பிபிசி தமிழோசை நின்ற அன்று ராத்திரி சாப்பிடாமலே படுத்துவிட்டார்கள். இதுவும் நின்றுவிட்டது என்று நாலு நாளாக நினைத்துக்கொண்டு, எங்களிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை பாருங்கள்.

அப்பச்சி, 9:44
எனக்குத் தெரியாது அண்ணே. நான் பாட்டுக்குக் காலம் முடிந்தது என்று எழுதிவிட்டேன். தம்பி, நீ அனுப்புகிற செட்டில் மீடியம் வேவும் எஃப்எம்மும் இரண்டும் இருக்கட்டும்.

சிங்கப்பூர்ச் சித்தப்பா, 9:46
பார்த்து வாங்குகிறேன். திருகுகிற குமிழ் பெரிதாக இருப்பதாக.

பெரியப்பா, 9:52
கடைக்காரருக்குப் போன் பண்ணி மர்பி விற்பதற்கில்லை என்று சொல்லிவிட்டேன். சொக்கு, வரும்போது செப்புக் கம்பி ஒரு முப்பது அடி வாங்கி வா. தூணில் பீங்கான் குமிழ் சும்மாதானே இருக்கிறது, வளவில் திரும்பக் கட்டிப் பார்ப்போம்.

2023 மே 6, சனி

கோட்டையூர் அத்தை, காலை 7:04
ஆத்தாவுக்குப் போன் போட்டேன். "செய்தி ஓடுகிறது, முடிந்ததும் கூப்பிடு" என்று வைத்துவிட்டார்கள்.