ஒரு டாலர் பெட்டியில் லவுஞ்ச் லைவ் எல்பி: எதைப் பார்த்து எடுப்பது?

அமெரிக்கப் பழைய சாமான் கடைகளின் மலிவுப் பெட்டிகளில் 1950, 60களின் லவுஞ்ச் (ஓட்டல் மதுக்கூட) இசைக்குழுக்களின் எல்பிகள், அதாவது நிமிடத்துக்கு 33⅓ முறை சுழலும் நீண்ட இசைத்தட்டுகள், இன்னமும் அகப்படுகின்றன. லாஸ் வேகஸ் சஹாரா ஓட்டலில் லூயி ப்ரீமாவும் கீலி ஸ்மித்தும் பாடியதை அங்கேயே பதிவுசெய்து, கேப்பிடல் இசைத்தட்டு நிறுவனம் 1958-இல் வெளியிட்ட ‘லாஸ் வேகஸ் ப்ரீமா ஸ்டைல்’ அந்த வகைதான். உறை கிழிந்திருக்கிறதே என்று திருப்பி வைத்துவிடாதீர்கள். தட்டின் உள்வட்டத்தைப் பாருங்கள்.

லவுஞ்ச் கச்சேரியில் கடைசிப் பாட்டுத்தான் உச்சம். சாக்ஸபோன் அலறும், கூட்டம் கூடவே கத்தும். எல்பியில் அது வந்து விழுவது தட்டின் நடுவில் ஒட்டிய காகித லேபிளை ஒட்டி. வெளிவிளிம்பில் முள்ளுக்கடியில் வினாடிக்குச் சுமார் 51 செ.மீ. பாட்டுப் பதிந்த பள்ளம் ஓடும், உள்ளே 21 செ.மீ.தான். அதே சத்தம் பாதிக்கும் குறைவான நீளத்தில் நெருக்கிக் கிடக்கிறது. அந்தக் காலப் பிளேயர்கள் முள்ளை ஐந்தாறு கிராமுக்கும் மேலே அழுத்தும் என்பதால் முதலில் தேய்வது இந்த இடம். வெளிச்சத்தில் சாய்த்துப் பிடியுங்கள். கடைசி ஒரு அங்குலம் சாம்பல் பூத்திருந்தால் பாட்டு கரகரக்கும். கறுப்பாகப் பளபளத்தால், மேலோட்டக் கீறல் இருந்தாலும் எடுக்கலாம்.

---

மேலே சொன்ன தேய்மானத்துக்கு ஒரு வழி உண்டு. மோனோ (இரு ஒலிபெருக்கியிலும் ஒரே ஒலி வரும்) தட்டானால் 1 மில் (அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு) நுனியுள்ள கூம்பு முள் போட்டுப் பாருங்கள். 0.7 மில் முள்ளைவிட அது பள்ளச் சுவரில் உயரமாக உட்காரும். தேயாத பகுதி கிடைத்தால் பாட்டு தெளியும். ஆம்ப்ளிஃபயரில் மோனோ பொத்தான் இருந்தால் அமுக்குங்கள், இரைச்சல் நன்றாகவே குறையும்.

லைவ் தட்டில் ‘டிக்’ என்றாலே கீறல் என்று முடிவுகட்ட வேண்டாம். தட்டு ஒரு சுற்றுக்கு 1.8 வினாடி எடுக்கும். அந்த இடைவெளியில் திரும்பத் திரும்ப வந்தால் கீறல். தாறுமாறாக வந்தால் மேசைக் கண்ணாடி டம்ளராகவும் இருக்கலாம், அது அந்த ராத்திரியின் சத்தம்.

---

கழுவாமல் முள்ளை வைக்காதீர்கள். தூசு அரைபட்டுச் சுவரைக் கெடுக்கும். 800 மி.லி. காய்ச்சி வடித்த நீர், 200 மி.லி. ஐசோபுரோப்பைல் ஆல்கஹால், இரண்டு சொட்டு பாத்திரம் துலக்கும் திரவம். லேபிள் நனையாமல், பள்ளம் போகும் திசையிலேயே மெல்லிய தூரிகையால் தேய்த்து, வெறும் காய்ச்சி வடித்த நீரில் இன்னொரு முறை அலசி, நிற்கவைத்து உலர்த்தவும். நிமிடத்துக்கு 78 முறை சுழலும் பழைய அரக்குத் தட்டுக்கு இது கூடவே கூடாது, அரக்கை ஆல்கஹால் கரைத்துவிடும். பூஞ்சை வாடை அடிக்கும் உள்ளுறையை எறிந்துவிட்டுப் புதியது போடுங்கள்.

கேப்பிடல் தட்டின் எண்ணுக்கு முன்னால் ‘டி’ (T) என்றால் மோனோ, ‘எஸ்டி’ (ST) என்றால் ஸ்டீரியோ, அதாவது இடம் வலம் தனித்தனி ஒலி. ‘டிடி’ (DT) என்பது மோனோவைப் பிற்பாடு ஸ்டீரியோபோல் மாற்றியது. மோனோ கிடைத்தால் இதைத் தொடவே வேண்டாம்.

ஊர் ஓட்டல் குழுக்கள் சொந்தக் காசில் அடித்து மேடையருகே விற்ற தட்டுகள் வேறு கணக்கு. பெரும்பாலானவை மறுபதிப்பே காணாதவை. தேய்ந்திருந்தாலும் எடுத்து, உடனே கணினியில் பதிவுசெய்து வையுங்கள்.