கன்றின் முன்னங்கால் மடங்கியே இருக்கிறது, தப்பை கட்டலாமா?

மன்னவனூர்க்காரன்: எங்கள் ஜெர்சி கலப்பு மாடு நேற்று ராத்திரி கிடேரிக் கன்று போட்டது. தலை ஈற்று, கன்று பெரிது, இழுத்துத்தான் எடுத்தோம். முன்னங்கால் இரண்டும் குளம்புக்கு மேலே கணுவில் பின்பக்கமாக மடங்கியிருக்கிறது, தூக்கி நிறுத்தினால் கணுவின் முன்பக்கம் தரையில் ஊன்றுகிறது. கிரகணத்தில் மாட்டை மேய விட்டதால்தான் என்கிறார்கள். மூங்கில் தப்பை வைத்துக் கட்டலாமா?

பூம்பாறை மாடு: கிரகணத்தை விடுங்க தம்பி. கர்ப்பப்பையில் இடம் போதாமல் கால் மடங்கியே கிடந்தால் பின்பக்கத் தசைநார் குறுகிப்போகும், பெரிய கன்றுக்கு இது வருவதுண்டு. சீம்பால் போனதா? நிற்க முடியாத கன்று தானாகக் காம்பைத் தேடிப் போகாது, கறந்து புட்டியில் கொடுங்க. அப்புறம் முட்டியை ஒரு கையால் பிடித்துக்கொண்டு குளம்பை மெதுவாக முன்னால் நீட்டிப் பாருங்க, நேராக வருகிறதா, பாதியில் கட்டை மாதிரி நின்றுவிடுகிறதா? மூட்டில் சூடு, வீக்கம் உண்டா? அண்ணம் பிளந்திருக்கிறதா என்று வாயையும் பார்த்துவிடுங்க, சில கன்றுக்கு இரண்டும் சேர்ந்தே வரும்.

மன்னவனூர்க்காரன்: சீம்பால் விடியுமுன்பே புட்டியில் கொடுத்துவிட்டோம். நீட்டினால் நேராக வருகிறது அண்ணே, விட்டால் மடங்கிவிடுகிறது. சூடு இல்லை, வாய் சரியாக இருக்கிறது.

பூம்பாறை மாடு: அப்போ பெரும்பாலும் சரியாகிவிடும். மூங்கில் வேண்டாம், விளிம்பு அறுக்கும். பிவிசி பைப்பை நெடுக்காகப் பிளந்து விளிம்பைத் தேய்த்து, காலில் பஞ்சைத் தடிமனாகச் சுற்றி, பைப்பைப் பின்பக்கம் வைத்துக் கட்டணும். முதல் கட்டை டாக்டர் போடட்டும், கால்நடை ஆம்புலன்ஸ் நம்பர் 1962க்கு அடித்தால் வண்டி வரும். தினமும் அவிழ்த்துப் புண் இருக்கிறதா என்று பார்த்து, காலை நீட்டி மடக்கிவிட்டுத் திரும்பக் கட்டுங்க. நம்ம குளிரில் குளம்பு சில்லென்று இருந்தால் கட்டு இறுக்கமா, பனியா என்றே தெரியாது, பின்னங்காலைத் தொட்டு ஒப்பிட்டுப் பாருங்க. சாக்கு, வைக்கோல் போட்டு வழுக்காத தரையில் நிற்க விடுங்க, எடை ஊன்ற ஊன்றத்தான் நார் நீளும்.

கோத்தகிரி தோட்டம்: ஆக்சிடெட்ராசைக்ளின் என்ற ஆன்டிபயாடிக் ஊசி போட்டால் கால் நிமிரும் என்று யாராவது சொல்வார்கள். குதிரைக்குட்டிக்குப் போடுவார்கள், கன்றுக்கும் சில டாக்டர்கள் போடுகிறார்கள், ஆனால் அளவு பெரிது, சிறுநீரகத்தைக் கெடுக்கும். கடையில் வாங்கி நீங்களே குத்தாதீர்கள். நீட்டவே முடியாத காலுக்குத்தான் தசைநாரை அறுத்துவிடும் ஆபரேஷன், மூட்டே இறுகியிருந்தால் அதுவும் பலிக்காது. இன்னொன்று, அதே காளையின் சினை ஊசியில் அக்கம்பக்கத்தில் இப்படிக் கன்று பிறந்ததா என்று விசாரியுங்கள். பிறந்திருந்தால் காளை வழியாக வந்ததாக இருக்கலாம், சினை ஊசி போட்டவரிடம் சொல்லி அடுத்த தடவை வேறு காளை கேளுங்கள்.

மன்னவனூர்க்காரன்: போன் பண்ணிவிட்டேன், டாக்டர் மதியம் வருகிறார். தோட்டத்தில் பைப் துண்டு கிடக்கிறது, கன்றின் காலுக்கு எத்தனை இஞ்ச் பைப் சரியாக இருக்கும்?

பூம்பாறை மாடு: இஞ்ச் பார்க்காதீங்க, பஞ்சு சுற்றின காலை வைத்துப் பாருங்க, பாதிச் சுற்று அணைத்தால் போதும்.