கலைச்சொல்: ‘டூ ஓம் ஸ்டேபிள்’ – தாங்குதடை எனலாமா?

நண்பர்களுக்கு வணக்கம்.

நமது கலைச்சொல் அகராதிக்காகக் கார் ஆம்ப்ளிஃபையர் சொற்கள் பற்றி வந்த மடல்களை ஒருசேரப் படித்தேன். 2 ஓம் ஸ்பீக்கர் வரை தாங்கும் என்று ஆம்ப் பெட்டியில் போடும் ‘டூ ஓம் ஸ்டேபிள்’ என்பதற்குத் தமிழில் என்ன சொல்வது என்பதுதான் கேள்வி. பாதிக் குழப்பம் ‘பொருத்தம்’ என்ற சொல்லால் வருகிறது என்று தோன்றுகிறது. அதை முதலில் தீர்த்துக்கொள்வோம்.

> ஸ்பீக்கரின் ஓமும் ஆம்ப்ளிஃபையரின் ஓமும் சமமாக இருக்க வேண்டும் என்பதுதானே பொருள்? ‘மின்மறுப்புப் பொருத்தம்’ என்றே வைத்துவிடலாமே.

சமமாக இருக்க வேண்டியதில்லை, இருக்கவும் முடியாது. மறுப்பு (இம்பீடன்ஸ்) என்பது மாறும் மின்னோட்டத்துக்குக் காட்டும் எதிர்ப்பு, ஓமில் அளப்பது. டிரான்சிஸ்டர் ஆம்ப்ளிஃபையரின் உள்மறுப்பு ஒரு ஓமில் மிகச் சிறிய பங்குதான். டேம்பிங் ஃபேக்டர் (ஸ்பீக்கரின் ஓமை ஆம்பின் உள்மறுப்பால் வகுத்த எண்) 100 என்று போட்டிருந்தால், 4 ஓம் ஸ்பீக்கருக்கு அது 0.04 ஓம். 4 ஓம் எங்கே, 0.04 எங்கே! சமமாக்கும் வேலை உண்மையில் நடப்பது ஆன்டெனா வயரில்: 50 ஓம், 75 ஓம் என்று இரு முனையும் ஒத்துப்போக வேண்டும். பழைய வால்வு ஆம்ப்ளிஃபையர்களிலும் டிரான்ஸ்ஃபார்மரில் 4, 8, 16 ஓம் என்று தனித்தனி முனை வைத்து ஸ்பீக்கருக்கு ஏற்றபடி மாட்டினார்கள். அந்தக் காலப் பேச்சுதான் இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிறது.

கார் ஆம்பின் பெட்டியில் ‘2 ஓம்’ என்று இருந்தால் அது ஒரு கீழ்வரம்பு. 2 ஓமோ அதற்கு மேலோ எதை மாட்டினாலும் ஓடும்; 4 ஓம் போட்டால் வாட் குறையும், அவ்வளவே. 1 ஓமுக்கு இறக்கினால் மின்னோட்டம் எகிறி, வெளியீட்டு டிரான்சிஸ்டர்கள் சூடேறி, ‘புரொடெக்ட்’ விளக்கு எரிந்து ஆம்ப் நின்றுவிடும். மலிவான ஆம்பாக இருந்தால் அதற்கு முன்பே புகை வந்துவிடும். ஆகவே ‘பொருத்தம்’ என்றோ ‘சமன்’ என்றோ சொன்னால், வாங்குபவர் 2 ஓம் ஆம்புக்கு 2 ஓம் ஸ்பீக்கரைத் தேடி அலைவார். சொல்லிலேயே ‘இதற்குக் கீழே போகாதே’ என்பது இருக்க வேண்டும்.

> அப்படியானால் ‘குறைசுமை’?

இது இன்னும் ஆபத்து. ஓம் குறைந்தால் சுமை கூடுகிறது. சென்னை ஜி.பி. ரோட்டுக் கடையில் ‘லோடு அதிகம்’ என்று சொன்னால் ஓம் இறங்கிவிட்டது என்று பொருள். குறைசுமை என்று எழுதினால் படிப்பவர் நேர் எதிராகப் புரிந்துகொள்வார்.

நான் முன்வைப்பது தாங்குதடை. ஆம்ப் தாங்கக்கூடிய மிகக் குறைந்த தடை. ‘இந்த ஆம்பின் தாங்குதடை 2 ஓம்; பிரிட்ஜ் செய்தால் 4 ஓம்’ என்று ஒரே மூச்சில் சொல்ல முடிகிறது (பிரிட்ஜ் என்பது இரு சேனலைச் சேர்த்து ஒரே ஸ்பீக்கரை ஓட்டுவது). ‘குறைந்தபட்ச மின்மறுப்பு’ தவறில்லை, ஆனால் யாரும் வாயால் சொல்லமாட்டார்கள்.

இயற்பியல் ஆசிரியரான நண்பர் ஒருவர் ‘தடை’ என்பதை ஏற்கமாட்டார் என்று தெரியும். தடை வேறு, மறுப்பு வேறு என்பார். சரிதான். 4 ஓம் ஸ்பீக்கரை மல்ட்டிமீட்டரில் வைத்தால் மூன்றரை ஓம் பக்கம் காட்டும். அது கம்பிச்சுருளின் தடை. பாட்டு ஓடும்போது மறுப்பு அதிர்வெண்ணுக்கேற்ப ஏறி இறங்கும், ஒத்ததிர்வில், அதாவது ஸ்பீக்கரின் இயல்பான அதிர்வெண்ணில், பல மடங்கு உயரும். பெட்டியில் இருக்கும் 4 என்பது இரண்டுமில்லாத ஒரு பெயரளவு எண். எப்படியும் பெயரளவுதான் என்றால் எளிய சொல்லே இருக்கட்டும். அதுவும் ‘தாங்குமறுப்பு’ என்று சொல்லிப் பாருங்கள், தாங்க மறுக்கிறது என்றல்லவா காதில் விழுகிறது?

(ஆங்கிலத்தில் இந்த மறுப்புக்கான ‘இம்பீடன்ஸ்’ என்ற சொல்லை 1886-இல் உண்டாக்கியவர் ஆலிவர் ஹெவிசைட். தந்தி வேலையை விட்டுவிட்டு, கல்லூரிப் படிப்பில்லாமல் தானே கணிதம் கற்றவர். ‘தடுத்தல்’ என்ற சாதாரண வினைச்சொல்லுக்கு ஒரு வால் ஒட்டினார், நின்றுவிட்டது. நாமும் அவ்வளவு துணியலாம்.)

இனி பேட்டரி. இதைத் தனி இழையாகப் பிரிக்கலாம் என்று ஒருவர் எழுதியிருந்தார். பிரித்தால் தாங்குதடையின் பாதிப் பொருள் போய்விடும். ஸ்பீக்கர் பக்கம் ஓமைப் பாதியாக்கினால் வாட் ஏறத்தாழ இரட்டிப்பாகும், பேட்டரியிலிருந்து இழுக்கும் ஆம்பியரும் கூடவே இரட்டிப்பாகும். 500 வாட் ஆர்எம்எஸ் (தொடர்ந்து தரும் வாட்) கொடுக்கும் டி வகுப்பு ஆம்ப், இழுப்பதில் 80 விழுக்காட்டை வெளியே தருகிறது என்று வைத்தால், 625 வாட் எடுக்கும். 13.8 வோல்ட்டில் அது 45 ஆம்பியர். கூடுதலாகச் சூடாக்கி வீணடிக்கும் ஏபி வகுப்பு என்றால் 65-ஐத் தாண்டும். சிறிய கார்களில் 35 ஆம்பியர்-மணி பேட்டரி. அந்தக் கணக்கே 20 மணி நேரம் மெதுவாக இழுப்பதற்கானது, அதாவது 1.75 ஆம்பியர். பாட்டு எப்போதும் முழு வாட்டில் ஓடாது என்பதால்தான் வண்டி பிழைக்கிறது. எஞ்சினை நிறுத்திவிட்டு பாஸை (அடித்தொனியை) ஏற்றினால் காலையில் தள்ளித்தான் கிளப்ப வேண்டும்.

இங்கே இரண்டு சொற்களைப் பிரித்துக் கேட்கிறேன். ஒன்று, வயரில் போகும் இழப்பு: மின்னழுத்த வீழ்ச்சி. பாடநூலிலேயே இருக்கிறது, அப்படியே இருக்கட்டும். பேட்டரியிலிருந்து டிக்கி வரை 5 மீட்டர் என்றால், 45 ஆம்பியருக்கு 21 சதுர மில்லிமீட்டர் செம்புக் கம்பியில் 0.2 வோல்ட்கூடப் போகாது. வீட்டு வயரிங்கில் மிஞ்சிய 4 சதுர மில்லிமீட்டர் கம்பியைப் போட்டால் ஒரு வோல்ட் போகும், கம்பியும் சுடும். அதற்குத் தகுந்த ஃபியூஸை பேட்டரிக்கு ஒட்டியே போட வேண்டும் என்பது தனிக் கதை.

மற்றொன்று, பாஸ் அடிக்கும்போது பேட்டரி முனையிலேயே அழுத்தம் ஒரு கணம் இறங்கி ஏறுவது. ஹெட்லைட் மங்கி மங்கி எரியுமே, அது. இதையும் வீழ்ச்சி என்றால் தடித்த வயர் போட்டுச் சரிசெய்யலாம் என்று நினைத்துவிடுவார்கள். இதற்குத் தொய்வு என்ற சொல்லைத் தருகிறேன். ஓடும் எஞ்சினில் 14.4 வோல்ட், தொய்ந்தால் 12. தானே அழுத்தத்தைச் சீராக்கிக்கொள்ளாத ஆம்பில் வாட் மின்னழுத்தத்தின் இருமடியைப் பொறுத்தது என்பதால், 100 வாட் 70-க்கு வந்துவிடும். அப்போதும் வால்யூமைக் கூட்டினால் அலையின் உச்சி வெட்டுப்பட்டுத் தட்டையாகும். அதற்கு ‘முகடுவெட்டு’ என்று முன்பே ஒரு நண்பர் கொடுத்துவிட்டார். அதைவிட நல்ல சொல் எனக்குத் தோன்றவில்லை.

> தொய்வுக்குத்தான் கெப்பாசிட்டர் விற்கிறார்களே?

1 ஃபாரட் மின்தேக்கி 14.4-இலிருந்து 12 வோல்ட்டுக்கு இறங்கும்போது தருவது சுமார் 32 ஜூல். 500 வாட்டுக்கு அது நொடியில் ஏறத்தாழ பதினாறில் ஒரு பங்குதான் நிற்கும். அதன் மேலிருக்கும் நீல விளக்கு அழகாக எரியும் என்பதை மறுக்கவில்லை.

வாட் கணக்கையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் ‘திறன்’ என்று மட்டும் அகராதியில் போட்டால் போதாது. டேஷ்போர்டு செட்டின் மேல் ‘50 வாட் x 4’ என்று இருக்கும். 14.4 வோல்ட்டை இருமடியாக்கி 4 ஓமால் வகுத்துப் பாருங்கள், 51.8 வரும். அதாவது அலை முழுக்க வெட்டுப்பட்டுச் சதுரமான பிறகு கிடைக்கும் எண் அது. சுத்தமான சைன் அலைக்கு அதில் பாதி, உள் இழப்பு போக 20 வாட் தேறினால் பெரிது. ஆகவே சுத்தமாகத் தொடர்ந்து தரும் வாட்டுக்கு ‘நிலைத்திறன்’, பெட்டியில் போடும் பெரிய எண்ணுக்கு ‘உச்சத்திறன்’ என்று இரண்டு பதிவுகள் வேண்டும். ஸ்பீக்கரை நிலைத்திறனுக்கு நிலைத்திறன் வைத்துத்தான் ஒப்பிட வேண்டும்.

ஆம்ப்ளிஃபையருக்கே ‘ஒலிபெருக்கி’ என்று எழுதுவதை மட்டும் தயவுசெய்து விட்டுவிடுவோம். ஊர்த் திருவிழாவில் மரத்தில் கட்டும் குழாய்க்கு அந்தப் பெயர் என்றைக்கோ போய்விட்டது. பெருக்கி போதும். இலங்கை நண்பர்கள் பாடநூலில் படித்த ‘விரியலாக்கி’யையும் இணைச்சொல்லாகப் போடலாம்.

தொகுப்பவருக்கு: தாங்குதடை, தொய்வு, முகடுவெட்டு, நிலைத்திறன், உச்சத்திறன், பெருக்கி. மறுப்பிருந்தால் இந்த மடலிலேயே எழுதுங்கள்.

பிரிட்ஜ் இணைப்பு பாக்கி இருக்கிறது. 4 ஓம் ஸ்பீக்கரை இரு சேனலுக்கு நடுவே மாட்டினால் ஒவ்வொரு சேனலும் 2 ஓமைத்தான் பார்க்கும். வீட்ஸ்டன் பிரிட்ஜுக்குப் பாடநூலில் ‘சமனச்சுற்று’ என்று இருக்கிறது, ஆனால் இங்கே சமன் செய்ய ஒன்றுமில்லை. ‘பால இணைப்பு’ என்று போடலாமா, அல்லது வேறு யாரிடமாவது சொல் இருக்கிறதா?