புதுப்பிப்பு: அப்பாவின் முதுகு நோவுக்குக் காரணம் பங்கசு

முள்ளந்தண்டில் காசநோய் என்று நினைத்து மருந்து தொடங்கியும் அப்பாவின் முதுகு நோ குறையவில்லை என்று கிளிநொச்சியிலிருந்து முன்பு எழுதியிருந்தேன். சரி, விடை கிடைத்துவிட்டது. முள்ளந்தண்டில் இருந்தது அஸ்பெர்ஜிலஸ் என்ற பங்கசு (பூஞ்சை). எம்.ஆர்.ஐ. படத்தில் காசநோயையும் இந்தப் பங்கசையும் பிரித்தறிவது கடினமாம். ஊசியால் எலும்புத் துண்டு எடுத்து, நுணுக்குக்காட்டியில் கிளைவிட்ட இழைகளைக் கண்டு, வளர்ப்புப் பரிசோதனையும் செய்த பிறகுதான் உறுதியானது. உங்கள் வீட்டில் யாருக்காவது முள்ளந்தண்டில் இப்படித் துண்டு எடுத்துச் சோதித்தால் (பயொப்சி), பங்கசுக்கும் சேர்த்து அனுப்பச் சொல்லிக் கட்டாயம் கேளுங்கள்.

இப்போது பங்கசுக்கான வொரிகொனசோல் குளிசை, நாளுக்கு இரண்டு தரம், வெறும் வயிற்றில். பல மாதம் போட வேண்டும்; இடையிடையே ஈரலுக்கு இரத்தப் பரிசோதனை. இந்த மருந்துக்கு வெயில் ஆகாது. வயல் பார்க்காமல் அப்பாவால் இருக்க முடியுமா? விடியப்புறமே நீளக்கைச் சட்டையோடு வரம்பில் நின்றுவிட்டு வருகிறார். நேற்று கட்டிலைப் பிடிக்காமல் தானே எழும்பினார்.