புதுப்பிப்பு: டிராம்சோவில் இருக்கும் தங்கை

அக்டோபரில் கேட்டிருந்தேன்: நீலகிரியின் கேத்தியில் வளர்ந்த என் தங்கை நார்வேயின் டிராம்சோவில் வேலைக்குச் சேர்ந்திருக்கிறாள், இலையுதிர்காலம் முடிய முடிய இருட்டு அவளை அழுத்துகிறது, என்ன செய்யலாம் என்று. பதில் எழுதிய எல்லோருக்கும் நன்றி.

நவம்பர் இறுதியில் மறைந்த சூரியன் அங்கே ஜனவரி நடுவில்தான் எழும். நண்பகலையொட்டிச் சில மணி நேரம் நீல வெளிச்சம் மட்டும். அந்த நேரத்தில் வெளியே நடக்கச் சொன்னீர்களே, அதுதான் அவளை மீட்டது. காலையில் 10,000 லக்ஸ் அளவுக்குப் பளிச்சென்று வெளிச்சம் தரும் விளக்கின்முன் அரை மணி நேரம் உட்காருகிறாள். ஆனாலும் நடைதான் பெரிது என்கிறாள்.

டிசம்பரில் அங்கே ஜன்னல்தோறும் விளக்கு வைக்கிறார்கள். இவளும் கார்த்திகைக்கு வாங்கிய அகலை ஜன்னலில் ஏற்றிவிட்டாள். தோழியிடம் கொடுத்தனுப்பிய வர்க்கி பாதி நொறுங்கிப் போயிருந்தது. அந்தத் தூளையும் டீயில் போட்டுக் கரண்டியால் அள்ளித் தின்றாளாம். கேட்டதும் எனக்குத் தொண்டை அடைத்தது.

நேற்று இங்கே உறைபனி. கேரட் தோட்டம் முழுக்க வெள்ளை. வெயில் பட்டதும் பாத்திகளிலிருந்து ஆவி எழுந்ததைப் படம்பிடித்து அனுப்பினேன்.

"அக்கா, தினமும் அனுப்பு" என்கிறாள். நாளையும் விடியுமுன் எழ வேண்டும்.