அப்டேட்: சூடானா ஸ்டார்ட் ஆகாத பழைய 350 சிசி பைக்

காலைல ஒரே உதைல ஸ்டார்ட் ஆகுற வண்டி, ஆற்காடு வரைக்கும் ஓட்டிட்டு போய் டீ குடிச்சிட்டு வந்து உதைச்சா அசையவே மாட்டேங்குது, நல்லா ஆறினா மறுபடி சரியாயிடுதுன்னு போட்டிருந்தேன்ல, கண்டுபிடிச்சாச்சு, ஸ்பார்க் சர்க்யூட்ல இருக்குற குட்டி பார்ட் கண்டென்சர்தான் காரணம்!

நிறைய பேர் வேலூர் வெயிலுக்கு பெட்ரோல் ஆவியாகுதுன்னீங்க. நம்மூரு மே மாசத்துக்கு நியாயமான சந்தேகம்தான். ஆனா சூட்டோட நின்னப்பவே பிளக்க கழட்டினா நனைஞ்சிருந்துச்சு, அப்போ பெட்ரோல் வருது. அந்த பிளக்க இன்ஜின் ஹெட்ல தொட வச்சு (எர்த்) உதைச்சா ஸ்பார்க் நீலமா பட்டுனு அடிக்காம மஞ்சளா சோகையா வருது, பாயிண்ட் (காயிலுக்கு போற கரண்ட விட்டு விட்டு கட் பண்ற சின்ன சுவிட்ச்) கவர தொறந்தா அங்கதான் பொறி பறக்குது. பாயிண்ட் தொறக்குறப்ப அந்த கரண்ட கண்டென்சர் வாங்கிக்கணும், அப்பதான் பிளக்குக்கு ஸ்பார்க் குடுக்குற காயில்ல ஹை வோல்டேஜ் எழும்பும். கண்டென்சர் உள்ள இன்சுலேஷன் வீக்கா இருந்தா ஆறினப்ப சமாளிக்கும், சூட்டுல லீக் ஆயிடும்.

காட்பாடி மெக்கானிக் அண்ணன் காயிலயே மாத்துப்பான்னாரு, அது விலைக்கு கண்டென்சர் எத்தனையோ வாங்கலாமேன்னு சின்னதுல ஆரம்பிச்சேன். பாயிண்ட்ட லேசா தேய்ச்சு கேப் 0.35-0.40 மி.மீ.க்குள்ள வச்சேன், புது கண்டென்சர இன்ஜின் சூடு படாம டேங்க் அடியில மாட்டிட்டேன்.

ராணிப்பேட்டைல மட்ட மத்தியானம் வேணும்னே ஆஃப் பண்ணி பாத்தேன், ஒரே உதை. காயில் இன்னும் பழசுதான், அது படுத்தா அப்போ பாத்துக்கலாம்.