‘சிக்’ என்று எழுதி மாட்டிக்கொண்டேன், இங்கிலீஷ் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்

நுவரெலியாவில் ஒரு கெஸ்ட்ஹவுஸ் குசினியில் வேலை செய்கிறேன். மேனேஜர் இங்கிலாந்துக்காரர். போன வியாழன் காலை வெங்காயம் வெட்டிக்கொண்டிருக்கும்போதே காய்ச்சல் ஏறி, கத்தி பிடித்த கை நடுங்கத் தொடங்கியது. வீட்டுக்கு வந்து வாட்ஸ்அப்பில் ‘ஐ வாஸ் சிக் இன் த கிச்சன்’ என்று போட்டேன். மனுஷன் பதறிப்போய் வெட்டிய மரக்கறி எல்லாவற்றையும் கொட்டி, தரையையும் கழுவ வைத்திருக்கிறார். அவர்கள் ஊரில் அப்படிச் சொன்னால் வாந்தி எடுத்தேன் என்று அர்த்தமாம்!

அகராதியில் ‘சிக்’ என்றால் நோயுற்ற, அவ்வளவுதான். கூகுளில் ‘மேலுக்கு முடியல’ என்று அடித்தேன், அது ஏதோ மேல்மாடிக் கதை சொல்கிறது. தெரிந்த டியூஷன் சேர் ‘அண்டர் த வெதர்’ போடச் சொன்னார். அது இலேசான சுகமின்மைக்குத்தானே? நான் மூன்று நாள் கட்டிலை விட்டு எழும்பவில்லை. ‘சிக் அஸ் எ டோக்’ வேண்டவே வேண்டாம், திரும்பவும் வாந்திக் கதைதான் வரும்.

நாளைக்கு லீவுக் கடிதம் கொடுக்க வேண்டும். மூன்று நாள் காய்ச்சலில் படுத்துக் கிடந்ததை மேனேஜருக்கு மரியாதையாக ஒரே வரியில் எப்படி எழுதுவது?